சாயம் பூசாத இடக்கை

நானும் என் மனைவி லம்துவானும் அவளுடைய அண்ணன் கம்சிங்கின் வீட்டை அடைந்தபோது உச்சிவெயிலில் தகரக் கூரை முனகிக்கொண்டிருந்தது. உயர்ந்த மரக்கால்கள் மீது நிற்கும் பழைய மரவீடு. ஊரின் எல்லா வாசல்களிலும் பேய்க்குக் காப்பாகச் சிவப்புச் சட்டை தொங்கியது. இந்த வாசல் மட்டும் வெறுமையாக இருந்தது.

மேகோங் ஆற்றோரத்து எங்கள் ஊரில் அந்தக் கோடையில் திடகாத்திரமான ஆண்கள் சிலர் உறக்கத்திலேயே இறந்திருந்தனர். விதவைப் பேய் ஒன்று கணவன் தேடி அலைகிறது என்பது ஊரின் முடிவு. எங்களைப் பெண்களென்று எண்ணி அது கடந்துபோகட்டும் என, ஆண்கள் அனைவரும் நகங்களில் சிவப்புச் சாயம் பூசியே உறங்கினோம். நான் மனைவியின் பாவாடையையும் அணிந்திருந்தேன். அதற்கு வெட்கப்படும் ஆண் அப்போது ஊரில் எவரும் மிச்சமில்லை.

கம்சிங் மட்டும் மறுத்துவந்தான். மனைவி புவாலா காய்ச்சலில் இறந்ததிலிருந்து, அவள் வந்து தன்னையும் அழைத்துப்போவாள் என்றே அவன் காத்திருந்தான்.

"வாங்க மாப்ளே. பாவாடை எடுப்பா இருக்கு."

"சிரிக்காதண்ணே, கையை நீட்டு." லம்துவான் சாயக் குப்பியைத் திறந்தாள்.

"வேணாம் புள்ள. புவாலா வந்தா அடையாளம் தெரியாம திரும்பிப் போயிடுவா."

"வர்றது அண்ணிதான்னு எவன் சொன்னான்? வேற எவளாச்சும் இழுத்துட்டுப் போயிட்டா, அங்க அண்ணி மூஞ்சியில எப்படி முழிப்ப?"

சாவுக்கு அஞ்சாதவன் இதற்கு அஞ்சினான். வலக்கையை மட்டும் நீட்டினான்.

"இடது கை அவளோடது. சந்தைக்குப் போனா அதைத்தான் பிடிச்சுக்குவா."

சாயம் உலரும் முன்பே மதிய உறக்கத்தில் ஆழ்ந்தான். இருபுறமும் நாங்கள் காவலிருந்தோம். மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது, காற்று மட்டும் எங்களை வந்து சேரவில்லை. சில்வண்டுகள் ஒருசேர ஓய்ந்தன. தெருவில் வறண்ட புழுதி பறந்தும், தரைப்பலகை இடுக்குகளின் வழியே மழை நனைத்த மண்ணின் வாசம் ஏறியது.

குறட்டை நின்றது.

மூச்சும் நின்றது.

சாயமற்ற இடக்கை தானாக மேலெழுந்தது. எவருடைய விரல்களையோ கோத்துக்கொள்வதுபோல் அதன் விரல்கள் மடங்கின.

உடல் படிக்கட்டை நோக்கி நகர்ந்தது.

லம்துவான் வலக்கையைப் பற்றி இழுத்தாள். நான் கால்களைக் கட்டிக்கொண்டேன். பாவாடை அவிழ்ந்தது, அதைக் கவனிக்க அங்கு ஆளில்லை.

"அண்ணி," அவள் கிசுகிசுத்தாள். "நீங்களா இருந்தா கேளுங்க. இவன் உங்களுக்குத்தான், வேற எவளுக்கும் இல்ல. ஆனா எனக்குன்னு கூடப்பொறந்தவன் இவன் ஒருத்தன்தான். வயசாகி அவனா வரட்டும் அண்ணி. அதுவரைக்கும்... வேணும்னா நீங்க இங்கயே இருந்துக்கோங்க."

கடைசி வாக்கியத்தை அவள் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

கை அந்தரத்தில் நின்றது. பிறகு இறங்கியது. விழவில்லை, உறங்கும் குழந்தையின் கையை ஒதுக்கிவைப்பதுபோல், யாரோ அதை அவன் மார்பின் மீது வைத்தார்கள்.

கம்சிங் இருமிக்கொண்டு எழுந்தான். சுற்றிலும் பார்த்தான். விம்மி அழுதான்.

"வந்தா புள்ள. அவதான். என்னை விட்டுட்டுப் போயிட்டா."

அப்போது சமையலறையில் உரல் ஒலித்தது.

தொக். தொக். தொக்.

பப்பாளிக்காய்க் கலவைக்கு மிளகாய் இடிக்கும் ஓசை. வீட்டில் இருந்த மூவரும் இங்கேதான் இருந்தோம்.

கம்சிங் மெல்லக் கண்களைத் துடைத்துக்கொண்டான்.

"புவாலா..." சமையலறைப் பக்கம் திரும்பினான். "மிளகாய் ரெண்டே போதும்டி. வயிறு எரியும்."

உலக்கை நின்றது.

பிறகு, முன்னிலும் வேகமாக இடிக்கத் தொடங்கியது.