சுங்குவார்சத்திரத்தில் ஒரு மஞ்சள் கேள்விக்குறி

நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்த கம்ப்யூட்டர் பெட்டி, ரிப்பேர் கடை வாசலில் எதிரே வந்தவன் மார்பில் ‘ணங்’கென்று இடித்தது. மழைக்குப் பயந்து ஓடி வந்த இசக்கிசெல்விக்கு உயிரே போய்விட்டது.

“இன்னாங்க... பெட்டிய ரிப்பேர் பண்ண வந்தீங்களா, என்னையா?”

வலிக்கிறதென்று சொல்லாமல் சிரிக்கிறானே! அந்தக் கண்கள் வேறு... அப்பப்பா, எத்தனை குறும்பு! ம்ஹூம், கண்ணை ஆராய அவளுக்கு ஏது நேரம்?

“திங்கக்கெழம பரீட்சைங்க. பாடமெல்லாம் பென் டிரைவ்ல இருக்கு. இது அதக் கண்டுக்கவே மாட்டேங்குது.”

பக்கத்து ஊர்க் கம்பெனியில் சர்க்யூட் போர்டுகளைச் சரிபார்த்து அனுப்புகிறவள் அவள். பரீட்சையில் தேறினால் டெஸ்டிங் பிரிவில் நிரந்தர வேலை. இல்லையென்றால் ஒப்பந்தம் முடிந்து சங்கரன்கோவிலுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். அதற்காகவே இந்தப் பழைய கம்ப்யூட்டரை வாங்கியிருந்தாள். பேர், கம்பெனி, கதை எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் அவனிடம் ஒப்பித்தாள்.

இடிபட்டவன்தான் கடைக்காரன் கார்முகில். பெட்டியைத் தன் திரையோடு இணைத்துக் காட்டினான். வரிசையாக மஞ்சள் கேள்விக்குறிகள்.

“போர்டுல எல்லாத்தையும் கோத்து வுடுற சில்லு, சிப்செட்டு... அது இன்னான்னே விண்டோஸுக்குத் தெரில. அதுக்கான டிரைவர் சாஃப்ட்வேர் போட்டா தீந்துச்சு.”

பெட்டியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்து, அதற்குரிய சிடியைப் போட்டான். கேள்விக்குறி போகவில்லை. மறுபடி போட்டான். ஊஹூம்.

செல்விக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “வெளிய ஒட்டுன ஸ்டிக்கர எங்க கம்பெனி லைன்ல நம்பவே மாட்டோம்ங்க. போர்டுல அச்சடிச்ச நம்பரத்தான் படிப்போம். தொறந்து பாருங்களேன்...”

கடையிலிருந்த நாலு பேர் ‘களுக்’கென்று சிரித்துவிட்டார்கள். கார்முகிலின் முகம் சிவந்தது.

“எட்டு வருசமா இதே வேல பாக்குறேன். லைன்ல நிக்கிற பொண்ணு எனக்குக் கிளாஸ் எடுக்குதா?”

சுருக்கென்றது. பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு மழையில் இறங்கி நடந்தாள். ஹாஸ்டல் அறையில் தலையணை நனைந்தது. பரீட்சைக்காகவா அழுகிறாய், ஒரு மணி நேரம் மட்டுமே பார்த்த ஒருத்தனுக்காகவா? போடி பைத்தியக்காரி... தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவள் திகைத்தாள். கார்முகில் நின்றுகொண்டிருந்தான். மழைக்கோட்டு பெட்டிக்கு, மழை முழுக்க அவனுக்கு!

“தொறந்து பாத்தேன்... எவனோ உள்ள வேற போர்ட மாட்டிக்கீறான். நம்பரப் படிச்சு டிரைவர் போட்டேன். இப்போ பென் டிரைவ் ஓடுது.” நெற்றியில் வழிந்த மழைநீரை வழித்தான். “நீ சொன்னதுதான் கரெக்டுன்னு அந்த நாலு பேர் கிட்டயும் சொல்லிட்டேன். தப்பு என்னுது... மன்னிச்சிடு.”

கோபம் எங்கே போயிற்றென்றே அவளுக்குத் தெரியவில்லை.

“இதச் சொல்லவா இப்படி நனையுதீங்க? ஒரு போன் போட்டா ஆவாதாக்கும்?”

“நம்பர் குடுக்காமத்தானே கோச்சுகினு போன?”

சிரிப்பை அடக்கத் தெரியாமல் தலை குனிந்தாள். அவனோ சிரிக்கவில்லை.

“செல்வி... பாஸானா வேலைக்காக இங்க இருப்ப. ஃபெயிலானா...” பெட்டியை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டான். “எனக்காக இருப்பியா?”

அவள் நிமிர்ந்தாள். இந்த முறை அந்தக் கண்களை நேராகப் பார்த்தாள்.

“பாஸானாலும் ஒங்களுக்காகத்தான் இருப்பேன்.”