மூன்று நாள் போதும்

"மாமி, தேங்காய் திருவலைய உடுப்புப் பேக்குக்குள்ள வெச்சா எயார்போட்டுல பிடிப்பானுகளா?"

குசினி வாசலில் கையில் போனோடு நின்றான் மருமகன் றிஸ்மி. பிட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்த ஸுலைஹாவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை.

"திருவலையா? எதுக்கு மகன் திருவலை?"

"மாலைதீவில தேங்காய் இரிக்கி மாமி. திருவலை இரிக்குமோ தெரியா. பால்கறி இல்லாட்டி உம்மாக்குச் சோறு எறங்காதே..."

சாய்ந்தமருதுவில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த அந்த வீட்டில் ஒரு கிழமையாக இதே பேச்சுத்தான். பிரதேச செயலகத்தில் வேலை பார்க்கும் றிஸ்மி, ஏப்ரல் லீவுக்கு மலிவாக விமான டிக்கட் பிடித்திருந்தான். பெரிய ஹோட்டல்கள் இருக்கும் தீவு இல்லை, சாதாரண சனங்கள் குடியிருக்கும் சின்னத் தீவு. அங்கே ஒரு முழு வீட்டை ஐந்து நாளைக்கு வாடகைக்கு எடுப்பது என்பது திட்டம். முஸ்லிம் நாடு, பெண்கள் முழு உடுப்போடு கடலில் இறங்கினால் ஒருவரும் புதினம் பார்க்கமாட்டார்கள். அவசரமில்லாமல் தூங்கி, அவசரமில்லாமல் குளித்து, கையைக் கடிக்காமல் திரும்பி வரலாம்.

போகிறவர்கள் ஐந்து பேர். றிஸ்மி, அவன் மனைவி நப்லா, நப்லாவின் வாப்பா அச்சிமுகம்மது, உம்மா ஸுலைஹா. ஐந்தாவது ஆள் றிஸ்மியின் உம்மா ஸைனம்பு. அவள் அச்சிமுகம்மதுவின் கூடப்பிறந்த ராத்தா. ஆகவே ஸுலைஹாவுக்கு மதினியும் அவள்தான், சம்பந்தியும் அவள்தான். ஒருத்தியிடம் கோபித்துக்கொண்டு மற்றவளிடம் போய் முறையிட வழியில்லை!

அந்த ஒரு கிழமையும் ஸுலைஹா ஒருவருக்கும் தெரியாமல் சந்தோசமாக இருந்தாள். ஐம்பத்து நாலு வயதில் ஒரு பெண் இப்படிச் சந்தோசப்படுவதே வெட்கம் என்பது போல, அதை மறைத்து வைத்திருந்தாள்.

"அரிசி அஞ்சு கிலோ, கொச்சிக்காய்த்தூள், கருவாடு, பெரிய சட்டி ஒண்டு..." றிஸ்மி போனைப் பார்த்து வாசித்தான். "அங்க ரெண்டு அறையும் ஒரு ஹோலும். ஒரு அறை எங்களுக்கு. உம்மாக்கு மூட்டு வருத்தம், மத்த அறை அவக்கு. மாமா ஹோல்ல சோபாவில படுப்பார். ஒங்களுக்குக் குசினிக் கதவுப் பக்கம் ஒரு மெத்தை போடுவம் மாமி. நீங்க வெள்ளன எழும்புற ஆள்தானே... ஒங்களுக்கும் லேசு, எங்களுக்கும் கரைச்சல் இல்ல."

அவன் மனதில் ஒரு துளி நஞ்சு கிடையாது. எல்லோருக்கும் எல்லாம் யோசித்துவிட்ட திருப்தியில் சிரித்துக்கொண்டு நின்றான். அதுதான் ஸுலைஹாவைச் சுட்டது.

பிட்டுக் குழலை அடுப்பில் ஏற்றிவிட்டுக் கையைக் கழுவினாள். ஹோலுக்கு வந்தாள். டீச்சரான நப்லா வகுப்புப் பிள்ளைகளின் கொப்பி திருத்திக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமைதோறும் காலைச் சாப்பாட்டுக்கு வரும் ஸைனம்பு, மின்விசிறிக்கு நேர் கீழே கதிரையைப் போட்டு அமர்ந்திருந்தாள். அச்சிமுகம்மது பேப்பருக்குள் தலையை விட்டிருந்தார்.

"நான் மாலைதீவுக்கு வாறன்" என்றாள் ஸுலைஹா. "ஆனா, அங்க நான் சமைக்க மாட்டன்."

கொப்பி திருத்தும் பேனை நின்றது. ஸைனம்புதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அப்ப எதுக்குகா நீ வாறாய்?"

"மதினி நீங்க எதுக்கு வாறீங்களோ, அதுக்குத்தான்!"

"ஓ! வாய் நல்லா நீண்டுபோச்சு! கேட்டியாடா தம்பி ஒண்ட பொண்டாட்டிட கதைய?"

அச்சிமுகம்மது பேப்பரை மடித்தார், பிறகு விரித்தார். றிஸ்மி பதறிப்போய் விளக்கினான்.

"மாமி, கோவிக்காதீங்க. அஞ்சு பேர், அஞ்சு நாள், மூணு நேரமும் கடையில சாப்பிட்டா எங்களால தாங்க ஏலா. நீங்க சமைச்சாத்தான் இந்தப் பயணம் மலிவு."

"அப்ப இது மலிவான பயணம் இல்ல மகன். எண்ட கையால மலிவாக்கிற பயணம். அந்தக் கைக்கும் லீவு வேணும்."

"மகள்ட வீட்டில ஒரு மூலையில இருந்துக்கிட்டு அதிகாரத்தப் பாரன்!" என்றாள் ஸைனம்பு.

அந்த ஊர் வழக்கம் அது. மகளுக்குக் கல்யாணம் என்றால் வீட்டை அவள் பேரில் எழுதிக் கொடுத்துவிட்டுத் தாயும் தகப்பனும் பின்பக்கத்து அறைக்கு ஒதுங்குவார்கள். ஸுலைஹாவும் அப்படித்தான் ஒதுங்கினாள், மனம் நிறைந்துதான் ஒதுங்கினாள்.

"ஓம் மதினி, மகள்ட வீடுதான். எழுதிக் குடுத்த கை இதுதான். கட்டின கையும் இதுதான்."

அதுவரை பேசாமலிருந்த நப்லா எழுந்தாள். அவள் முகம் சிவந்திருந்தது.

"போதும் உம்மா! கடலே காணாத ஆள் மாதிரிக் கதைக்காதீங்க! எட்டு வருசம் ஜித்தாவில இருந்தீங்க... கடற்கரையில நிண்டு சிரிச்சுப் படம் பிடிச்சு அனுப்பினீங்க! அந்தப் படத்தப் பார்த்துப் பார்த்துத்தான் நான் வளந்தன். எனக்கு ஒம்பது வயசுல கடல் வந்து நம்மட வீட்டக் கொண்டுபோச்சு உம்மா... நான் இந்த மாமிட மடியில கிடந்து அழுதன். நீங்க வரல்ல. அதுக்குப் பிறகும் ஆறு வருசம் வரல்ல! எனக்குத் தலை வாரினது, ஸ்கூலுக்கு அனுப்பினது, வயசுக்கு வந்த நேரம் பக்கத்துல இருந்தது எல்லாம் மாமி. அவக்கு அஞ்சு நாள் சோறாக்கிக் குடுக்க ஒங்களுக்கு ஏலாதா?"

இத்தனை வருடமாக மகளின் பேச்சில் ஒரு குளிர் இருந்ததை ஸுலைஹா அறிவாள். படித்த பிள்ளை, வேலைக் களைப்பு என்று அவளே அதற்குக் காரணம் சொல்லிக்கொள்வாள். உள்ளே இப்படி ஒரு நெருப்பை மூடி வைத்திருக்கிறாள் என்று இன்றுதான் கண்டாள்.

அழுதால் தோற்றுவிடுவாள் என்று தோன்றியது. அழவில்லை.

"பிட்டு அவிஞ்சிட்டு. இறக்கிச் சாப்பிடுங்க" என்றாள். "பகலைக்குச் சோறு நான் ஆக்க மாட்டன். இண்டைக்கு மட்டுமில்ல, நீங்க நான் சொன்னதக் கேக்கிற வரைக்கும் அந்த அடுப்ப நான் தொட மாட்டன்."

பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

அதற்குப் பிறகு நேரம் நகரவேயில்லை. வெளியே ஸைனம்புவின் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. "சவுதிச் சீமாட்டி!", "புள்ளைய விட்டுட்டுப் போனவளுக்கு இப்ப கடல் கேக்குதாம்!" ஸுலைஹா சுவரைப் பார்த்து இருந்தாள். 'விட்டுட்டுப் போனவள்...' அந்தச் சொல்லை முன்னரும் கேட்டிருக்கிறாள். பதில் சொன்னால் மகள் மனம் நோகும், சம்பந்தம் கசக்கும் என்று விழுங்கியிருக்கிறாள். விழுங்கி விழுங்கி இன்று குசினிக் கதவுப் பக்கத்து மெத்தை வரை வந்து நிற்கிறது!

ஜும்ஆ முடிந்து ஆண்கள் வந்தார்கள். வெள்ளிக்கிழமை பகலில் அந்த வீட்டில் இறைச்சிக் கறி மணக்கும். இன்று அடுப்பு குளிர்ந்து கிடந்தது. வெறும் மேசையை அச்சிமுகம்மது சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தார்.

"நப்லா... இஞ்ச வாங்க மகள். ராத்தா, நீயும் இரி."

கதவுக்குப் பின்னால் நின்ற ஸுலைஹாவுக்குப் புருசனின் குரல் புதிதாக இருந்தது. பள்ளிக்குப் போன மனுசன் வேறு ஆளாய்த் திரும்பி வந்தது போல.

"அந்தப் படத்தோட ஒரு கடிதமும் வந்திச்சு புள்ள. அத நான் ஒங்களுக்குக் காட்டல்ல. 'இது முதலாளிட கடற்கரை வீடு. வியாழக்கிழம வந்தா இருவது பேர் வருவாங்க. ரெண்டு நாளும் நான் குசினிக்குள்ள. ஜன்னலால கடல் தெரியுது, இன்னும் ஒரு நாளும் கால் நனைக்கல்ல. அவங்கட புள்ள வாசல்ல வெச்சுப் பிடிச்ச படம் இது. மகள் அழுதா இதக் காட்டி, உம்மா சந்தோசமா இரிக்கா எண்டு சொல்லுங்க' எண்டு எழுதியிருந்தா. அவ சொல்லச் சொன்ன பொய் அது."

"வாப்பா..."

"இரிங்க. நான் சொன்ன பொய்தான் பெருசு." அவர் மடியிலிருந்த தொப்பியைக் கசக்கினார். "சுனாமி வந்த கிழமையே அவ டெலிபோன் எடுத்தா. 'எனக்கு ஒண்டும் வேணாம், எண்ட புள்ளையப் பார்க்கோணும், வாறன்' எண்டு கத்தினா. நான்தான் வராத எண்டன். வீடு இல்ல, தோணி இல்ல, மீன் யாவாரம் இல்ல... நீ வந்தா எல்லாரும் பட்டினி எண்டன். 'இரி, இரி' எண்டு ஆறு வருசம் நான்தான் வெச்சிருந்தன். ஒங்ககிட்டயும் ராத்தாகிட்டயும், அவளுக்கு வர விருப்பமில்ல எண்டு சொன்னன். பொண்டாட்டி உழைப்புல வீடு கட்டுறான் எண்டு ஊர் சிரிக்குமே எண்ட வெக்கம் புள்ள... அந்த வெக்கத்துக்கு ஒங்கட உம்மாவ நான் வித்துட்டன்!"

கதவு திறந்தது.

ஸுலைஹா வாசலில் நின்றாள். 'அவளுக்கு வர விருப்பமில்ல' என்ற அந்த ஒரு சொல்லை அவளும் இன்றுதான் முதல் தடவை கேட்கிறாள். முதல் பொய் அவள் கேட்டுக்கொண்டதால் அவர் சொன்னது. இரண்டாவது அவளுக்குத் தெரியாது. ஊர் ஏன் அப்படிப் பேசியது, மதினி ஏன் அப்படிப் பார்த்தாள், திரும்பி வந்த அன்று பதினைந்து வயது மகள் ஏன் கட்டிப்பிடிக்காமல் கதவோரம் நின்றாள்... எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது.

"இருவது வருசம்..." என்றாள் புருசனைப் பார்த்து. "நான் வந்த நாள் தொட்டு எண்ட புள்ள என்னக் கள்ளியப் பார்க்கிற மாதிரிப் பார்த்தா. நீங்க பேப்பர் வாசிச்சுக்கிட்டு இருந்தீங்க!"

அவர் தொப்பியால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"உம்மா!" நப்லா ஓடி வந்து அவள் காலடியில் விழப் போனாள். ஸுலைஹா தோளைப் பிடித்து நிறுத்தினாள். "காலுல விழாத மகள். கழுத்தக் கட்டிப் பிடி. பதினஞ்சு வயசுல நீ பிடிக்காத கடன் அது..." அவ்வளவுதான், இருவருக்கும் உடைந்துவிட்டது! தாயும் மகளும் நின்ற நிலையிலேயே ஒருவரையொருவர் இறுக்கிக்கொண்டு தேம்பினார்கள். "எனக்குத் தெரியாதே உம்மா... எனக்கு ஒருத்தரும் சொல்லல்லயே..." என்று நப்லா திரும்பத் திரும்ப அழுதாள்.

ஸைனம்பு கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து, முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு குசினிக்குள் போனாள். அரிசிப் பானை உருளும் சத்தமும், பருப்புப் பேணியைத் தேடி அவள் தன்னையே திட்டிக்கொள்ளும் சத்தமும் கேட்டன. மூக்கை உறிஞ்சும் சத்தமும் கேட்டது.

ஸுலைஹா முகத்தைத் துடைத்தாள்.

"அழுதது போதும். பயணத்தக் கதைப்பம். மகன், அந்தப் போன எடுங்க."

றிஸ்மி பரீட்சைக்கு வந்த பிள்ளையைப் போல் வந்து நின்றான்.

"முழு வீடு வேணாம். சாப்பாட்டோட அறை தாற இடம் அதே தீவில இரிக்கா?"

"இரிக்கி மாமி. ஆனா அஞ்சு நாளைக்குக் கட்டுப்படியாகாது."

"மூணு நாளைக்கு?"

அவன் கணக்குப் போட்டான். நிமிர்ந்தபோது கண் விரிந்திருந்தது. "ரெண்டு அறை எண்டா... சரியா வரும் மாமி!"

"அப்ப மூணு நாள் போதும். ஒரு அறை ஆம்பிளைகளுக்கு, ஒரு அறை பொம்புளைகளுக்கு. அஞ்சு நாள் வேணும் எண்டா ஒரு சமையல்காரியத் தேடிக் கூட்டிப் போங்க, நான் வரல்ல."

"எனக்குத் தனிக் கட்டில் வேணும்!" என்று குசினிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"தருவாங்க மதினி. எனக்கும் தருவாங்க."

"நீ குறட்டை விடுவாயோ?"

"தெரியா மதினி. நான் அசந்து தூங்கினதே இல்ல. அங்க போய்த்தான் பார்க்கோணும்."

நப்லா அழுகையினூடே சிரித்தாள். அச்சிமுகம்மது மெதுவாக எழுந்து வந்து, "ஸுலைஹா... என்ன மன்னிச்சிடு புள்ள" என்றார்.

"இண்டைக்கு ஏலா" என்றாள் அவள். "மூணு நாள் இரிக்கே. அதுக்குள்ள நீங்க என்ன செய்றீங்க எண்டு பார்த்துட்டுச் சொல்றன்."

ஸைனம்பு ஆக்கிய சோறு அடிப்பிடித்திருந்தது. பருப்பில் உப்பு இரண்டு மடங்கு. ஒருவரும் குறை சொல்லவில்லை. முதல் சோற்றுக் கோப்பையை ஸுலைஹாவுக்கு முன் வைத்துவிட்டு, "தின்னுகா" என்று மட்டும் சொல்லி, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள் ஸைனம்பு.

ஏப்ரலில் போனார்கள். தீவின் ஒரு கரையில் நின்றால் மறுகரை தெரிந்தது. முதல் நாள் விடிய, தொழுகை முடித்த கையோடு ஸுலைஹா கடற்கரைக்கு நடந்தாள். பின்னால் யாரோ வருவது தெரிந்து திரும்பினாள். அச்சிமுகம்மது இரண்டு கையிலும் இரண்டு தேத்தண்ணிக் கோப்பையோடு, மணலில் தடுமாறி வந்துகொண்டிருந்தார். ஒன்றை வாங்கிக் குடித்தாள். சீனி கூடிப்போயிருந்தது. முழுவதையும் குடித்து முடித்து, வெறும் கோப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினாள்.

முழங்கால் வரை போனாள். இடுப்பு வரை போனாள். அலை என்று சொல்ல ஒன்றுமில்லை, தண்ணீர் லேசாக மூச்சு விட்டது. தரை காலுக்குக் கீழே வெள்ளையாகத் தெரிந்தது. அப்படியே உடுப்போடு உட்கார்ந்துகொண்டாள். தலை மட்டும் வெளியே. வெயில் ஏறியது. நப்லா வந்து பக்கத்தில் இருந்தாள், போனாள், மறுபடி வந்தாள். ஸுலைஹா எழும்பவில்லை.

"ஸுலைஹா!" ஸைனம்பு கரையில் நின்று, கையை வாயில் குவித்துக் கூப்பிட்டாள். "ரொட்டியும் மீனும் மேசைக்கு வந்திட்டு! எல்லாரும் ஒனக்காகக் காத்துக்கிட்டு இரிக்கம்! ஆறப் போகுதுகா, எழும்பி வா!"

ஸுலைஹா திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீருக்குள் காலை இன்னும் நன்றாக நீட்டிக்கொண்டாள்.

"ஆறட்டும் மதினி!" என்று உரத்துச் சொன்னாள்.