சுவருக்கு ஈரச் சாக்கு

சாக்கு போட்ட பதினொன்றாவது நாள் மதியம், ஓடையின் குறுக்கே நின்ற ஆலைச் சுவர் கூழாகி வழியத் தொடங்கியது. கனிஷ்கா ஈரச் சாக்கை விலக்கி விரலால் குத்திப் பார்த்தாள். எஃகை விட உறுதி என்று ஆலைக்காரர்கள் பீற்றிக்கொண்ட பலகைக்குள் விரல் முழுசாக இறங்கியது.

"ரோகித், மம்பட்டிய எடுத்தா."

பக்கத்து நிலத்துக்காரன் ரோகித் நான்கு வெட்டு வெட்டினான். ஓடைத் தண்ணீர் பாய்ந்து வெளியே வந்தது. ஆலை அதை மறித்து நான்கு மாதமாகியிருந்தது. கனிஷ்காவின் பண்ணையில் பாதிக் கோழிகள் தாகத்தில் செத்துவிட்டன. அவள் கொடுத்த மனுக்கள் கலெக்டர் ஆபீசில் சுகமாகத் தூங்கின.

நாடே அப்போது மூங்கிலில்தான் நின்றது. வீடு, பஸ், பாலம் எல்லாமே மூங்கில்கூழ்ப் பலகை. பழைய காகித ஆலைகளின் நாற்றம் கிடையாது. தெளிகரைப்பான் என்ற திரவம் மூங்கிலின் பசையை மட்டும் கரைத்துப் பிரிக்கும், நாரைத் தொடாது. அந்தப் பசையையே பிசினாக்கி நாரை ஒட்டினார்கள். வெளிப் பிசின் ஒரு சொட்டுக்கூட வாங்குவதில்லை என்று ஆலைக்கு ஏகப்பட்ட கர்வம். மூங்கிலில் பசையைக் கரைப்பது பலகையிலும் கரைக்கும் என்று அந்த மேதாவிகளில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பத்து வருஷம் அங்கே கொப்பரை கழுவிய கனிஷ்காவுக்குத் தோன்றியது. கரைப்பானில் இருப்பவை இரண்டே பொருள்கள். ஒன்று, தயிரைப் புளிக்கவைக்கும் அமிலம். இன்னொன்று, கோழித் தீவனத்தில் கலக்கும் உப்பு. இரண்டையும் வாங்கிக் கலந்தாள்; சுவரின் மேல்பூச்சைச் சுரண்டிவிட்டு, அதில் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டாள். கொதிகலன் வேலையைச் சித்திரை வெயில் பார்த்துக்கொண்டது.

மேலாளர் ரித்விக் இன்ஸ்பெக்டரோடு ஓடிவந்தார்.

"யாரைக் கேட்டுச் செவுத்த ஒடச்சீங்க?"

"நீங்க யாரைக் கேட்டு ஓடைய அடச்சீங்க?"

"எதை ஊத்துனாங்கன்னு சொல்லுங்க சார்," என்றார் இன்ஸ்பெக்டர். "ஆபத்தான ரசாயனம்னு போட்டாத்தான் கேஸ் நிக்கும்."

ரித்விக் சாக்கை முகர்ந்து பார்த்துவிட்டு அவசரமாகக் கீழே போட்டார். அதே கரைப்பானைத்தான் ஆலை ஆற்றில் விடுகிறது. கெடுதல் இல்லை என்று காட்ட, உரிமம் புதுப்பிக்கும் நாளில் அதிகாரிகள் முன்னால் அவரே ஒரு டம்ளர் குடிப்பது வழக்கம்.

"எழுதுங்க சார்," என்றாள் கனிஷ்கா. "அவரு குடிச்சதத்தான் அவரு செவுத்துக்கும் குடுத்தேன். வெசம்னா வெசம்னே எழுதுங்க. மொதல்ல ஆலையப் பூட்டிப்போட்டு அப்பறம் என்னையப் புடிங்க."

புகார் எழுதப்படவில்லை. ஊர் அவளைக் கொண்டாடியது.

மறுவாரம் காலையில் பண்ணைக்குப் போனவள் திகைத்து நின்றாள். அவளுடைய பண்ணையின் பலகைச் சுவரில் வரிசையாக ஈரச் சாக்குகள். ரோகித் குடத்தோடு நின்றிருந்தான்.

"என்றா பண்ணிட்டிருக்கற?"

"உங்க செவுரு எங்க வண்டித்தடத்துல நாலடி உள்ள வந்து நிக்குதுங்க்கா. எங்கப்பா கேட்டாரு, நானுங் கேட்டேன். நீங்க காதுலயே போட்டுக்கலீங்க."

அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. போலீசைக் கூப்பிடக் கைப்பேசியை எடுத்தாள். எதை ஊற்றினான் என்று கேட்பார்களே. விஷம் என்று சொன்னால் முதல் கேஸ் அவள்மேல்தான்.

"வெயில் நல்லா ஏறுதுங்க்கா," என்றான் ரோகித். "நீங்களே கழட்டி உள்ள தள்ளி வெச்சுக்கிட்டா பலகையாச்சும் மிஞ்சும்."

கனிஷ்கா வாய்க்கு வந்தபடி அவனைத் திட்டிக்கொண்டே ஸ்பேனர் தேடி உள்ளே போனாள்.