கொஞ்சம் அழுக்கு வேண்டும்

அவளை வீட்டில் பொடிசு என்றுதான் கூப்பிடுவார்கள். பத்து வயதாகிவிட்டது, அம்மாவின் தோள்வரை வளர்ந்தும்விட்டாள். பெயர் மட்டும் வளரவில்லை.

பொடிசு மூன்று தங்கமீன்கள் வளர்த்தாள். மூன்றிலும் பெரியவன் குண்டன். பெயருக்கேற்ற உடம்பு, உடம்புக்கேற்ற பசி. மூன்றும் தின்று தின்று கொழுத்தன. தொட்டிக்குள் மூலையில் இருந்த குட்டி ஃபில்டரால் அவை போடும் அழுக்குக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. இரண்டு வாரமாகத் தண்ணீர் கலங்கலாகவே கிடந்தது. குண்டன் அடிக்கடி மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினான்.

"அவனுக்கு மூச்சு முட்டுதுப்பா," என்றாள் பொடிசு. அன்று அவளுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை கடைக்குப் போவோம்," என்றார் அப்பா. "தொட்டிக்கு வெளியே வைக்கிற பெரிய ஃபில்டராவே வாங்கிடலாம்."

அப்பா சலவைக்கடை வைத்திருந்தார். அழுக்கு என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. யாரோடு பேசினாலும் அவர் கண் முதலில் போவது அவர்களுடைய சட்டைக்குத்தான்.

மீன் கடையிலும் அதேதான் நடந்தது. கடைக்காரர் மூன்று பெட்டிகளை மேசைமேல் எடுத்து வைத்தார். அப்பாவோ அவர் சட்டைப்பையில் இருந்த மைக்கறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல எது பெருசோ அதையே குடுங்க," என்றார்.

"இருங்கப்பா!" பொடிசு ஒரு துண்டுச் சீட்டை எடுத்தாள். நீளம் எண்பது, அகலம் முப்பத்தைந்து, உயரம் நாற்பது சென்டிமீட்டர். எல்லாம் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து அவளே அளந்தது. "எங்க தொட்டியில கிட்டத்தட்ட நூறு லிட்டர் தண்ணி இருக்கு அங்கிள்."

கடைக்காரர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "பரவாயில்லையே, அளந்துட்டே வந்துட்டியா! தொட்டித் தண்ணி மொத்தமும் மணிக்கு நாலஞ்சு தடவை ஃபில்டருக்குள்ள போய் வரணும். அப்போ உனக்கு எது சரி?"

"மணிக்கு ஐந்நூறு லிட்டர்." பொடிசு நடுப்பெட்டியைத் தொட்டாள்.

"பெருசா வாங்கினா இன்னும் சுத்தமாகுமே?" என்றார் அப்பா.

"அது ஆயிரத்து ஐந்நூறுப்பா! குண்டன் உங்க மெஷின்ல போட்ட துணி மாதிரி சுத்துவான்."

அப்பா சிரித்துவிட்டார். நடுப்பெட்டியே முடிவானது. தொட்டிக்குக் கீழே இருக்கும் அலமாரியில் அது நிற்குமா என்பதையும் பொடிசு சீட்டைப் பார்த்து உறுதி செய்துகொண்டாள்.

"ஒண்ணு மட்டும் மறந்துடாதே பாப்பா," என்றார் கடைக்காரர். "பழைய ஃபில்டர்ல இருக்கிற ஸ்பாஞ்சு பார்க்க அழுக்கா இருக்கும். ஆனா நல்ல பாக்டீரியாவெல்லாம் அதுலதான் குடியிருக்கு. மீனோட கழிவு விஷமாகாம பார்த்துக்கிறது அதுங்கதான். அதை அப்படியே எடுத்துப் புது ஃபில்டருக்குள்ள வெச்சிடு. புதுசுல அதுங்க தானா வளர ஒரு மாசமாவது ஆகும். அதுவரைக்கும் மீன் தாங்குறது கஷ்டம்."

பொடிசு தலையாட்டினாள். அப்பாவும் தலையாட்டினார். பிறகு, "அந்த மைக்கறையைத் தேய்ச்சுடாதீங்க, பரவிடும். நாளைக்கு என் கடைக்குக் கொண்டுவாங்க," என்றார்.

புது ஃபில்டர் மூடி போட்ட வாளியைப் போல இருந்தது. உள்ளே அடுக்கடுக்காகத் தட்டுகள், அவற்றில் ஸ்பாஞ்சும் பீங்கான் வளையங்களும். ஒரு குழாய் தொட்டியிலிருந்து தண்ணீரைக் கீழே இறக்கும், இன்னொன்று சுத்தமான தண்ணீரை மேலே ஏற்றும். பொடிசு அலமாரிக்குள் தலையை விட்டுக் குழாய்களை மாட்டினாள். வெளியே அவள் கால்கள் மட்டும் தெரிந்தன.

"அப்பா, பழைய ஸ்பாஞ்சை எடுத்துப் பத்திரமா வைங்க!" என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தாள்.

அப்பாவுக்கு ஒரு பொருளைப் பத்திரமாக வைப்பது என்றால், முதலில் அதைத் துவைத்தாக வேண்டும்.

பொடிசு வெளியே வந்தபோது, அப்பா கை நிறைய சோப்பு நுரையோடு நின்றார். பழுப்பும் பிசுபிசுப்புமாக இருந்த ஸ்பாஞ்சு பளிச்சென்று இருந்தது. வாசனைகூட வந்தது.

"மூணு தடவை அலசினேன்! உள்ளே இருந்த அழுக்கை நீ பார்த்திருக்கணும். புதுசா வாங்கினப்போகூட இது இப்படி இருந்திருக்காது!"

பொடிசுக்கு அழுகை வந்தது. கத்த வேண்டும்போலவும் இருந்தது. ஆனால் அப்பாவின் முகத்தில் அத்தனை பெருமை. அவளுக்காகத்தானே வேர்க்க விறுவிறுக்கத் துவைத்திருக்கிறார்!

"நல்லாத்தான் துவைச்சிருக்கீங்கப்பா," என்றாள் மெதுவாக. "ஆனா நமக்கு அந்த அழுக்குதான் வேணும்."

கடைக்காரர் சொன்னதையெல்லாம் அவள் திரும்பச் சொன்னாள். அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது.

"அடடா, நான் மைக்கறையிலேயே இருந்துட்டேனே! குண்டனுக்கு ஏதாவது ஆயிடுமாம்மா?"

பொடிசு தொட்டியைப் பார்த்தாள். குண்டன் மறுபடியும் மேலே வந்து வாயைத் திறந்தான். அழுதுகொண்டிருந்தால் பாக்டீரியா வந்துவிடாது. ரொம்ப நாளாக ஓடும் தொட்டி யாரிடம் இருக்கிறது?

"பல் டாக்டர்!" என்று குதித்தாள். தெருமுனையில் இருக்கும் பல் டாக்டரின் மருத்துவமனையில் பெரிய தொட்டி ஒன்று உண்டு. போன வருடம் பல் பிடுங்கப் போனபோது, பயத்தை மறக்க அதிலிருந்த மீன்களை எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"அவங்ககிட்டப் போய் எப்படிக் கேக்கறது?" அப்பா தயங்கினார். "அவங்க வெள்ளைக் கோட்டையெல்லாம் நான்தான் துவைக்கிறேன். நானே போய் அழுக்கு கேட்டா நல்லாவா இருக்கும்?"

"நான் கேக்கறேன்ப்பா. நீங்க கூட வந்தாப் போதும்."

மருத்துவமனைக்கு மேலே மாடியில்தான் டாக்டரின் வீடு. அவரே கதவைத் திறந்தார்.

"என்ன, பல்லு வலியா?"

"இல்லை டாக்டர். எங்களுக்குக் கொஞ்சம் அழுக்கு வேணும்."

டாக்டர் அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். பொடிசு நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் டாக்டர் விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"பத்து வருஷமா என் கோட்டு அழுக்கையெல்லாம் எடுத்துட்டுப் போறீங்க. அது பத்தலையா?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பாவும் சேர்ந்து சிரித்தார்.

டாக்டர் கீழே வந்து தன் ஃபில்டரைத் திறந்தார். உள்ளே மூன்று ஸ்பாஞ்சுகள் இருந்தன. "இருக்கிறதுலயே ரொம்ப அழுக்கானதை எடுத்துக்கோ. என் மீனுங்களுக்கு மத்த ரெண்டே போதும்."

"தொட்டித் தண்ணியிலேயே வெச்சுக் குடுங்க டாக்டர். காஞ்சா பாக்டீரியா செத்துடும்."

திரும்பும்போது, தண்ணீரோடு ஸ்பாஞ்சு இருந்த கிண்ணத்தை அப்பாவே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். "மெதுவா வா, மேல இடிச்சுடாதே. ஒரு பொட்டு அழுக்குகூடச் சிந்தக் கூடாது," என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார்.

பொடிசு ஸ்பாஞ்சைப் புது ஃபில்டரின் தட்டில் வைத்து மூடினாள். சுவிட்சைப் போட்டதும் 'குளுக், குளுக்' என்று சத்தம் கேட்டது. பிறகு குழாயிலிருந்து தண்ணீர் சீராகத் தொட்டிக்குள் விழுந்தது.

கழிவு குறையட்டும் என்று அந்த வாரம் மீன்களுக்குப் பாதித் தீனிதான். குண்டன் கண்ணாடியில் மூக்கை இடித்துக் கோபித்துக்கொண்டான். பொடிசு தினமும் பல் துலக்கும் முன்பே ஓடிவந்து தொட்டியைப் பார்த்தாள். முதல் மூன்று நாளும் தண்ணீர் கலங்கலாகவே இருந்தது. நான்காம் நாள் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் சுவர் மங்கலாகத் தெரிந்தது. ஏழாம் நாள் சுவரில் அடித்திருந்த ஆணிகூடத் தெளிவாகத் தெரிந்தது. குண்டன் மேலே வந்து மூச்சு வாங்கவில்லை. அடியில் மற்ற இருவரையும் துரத்திக்கொண்டிருந்தான். பொடிசுக்கு அப்போதுதான் நிம்மதியாக மூச்சு வந்தது.

ஒரு மாதம் கழித்து அப்பா அலமாரியைத் திறந்து எட்டிப் பார்த்தார். "உள்ளே எல்லாம் எப்படிம்மா இருக்கு?"

"சூப்பர்ப்பா. புது ஸ்பாஞ்சும் நல்லா அழுக்காயிட்டு வருது."

"அப்பாடா!" என்றார் அப்பா.