கடத்தப்பட்ட காதெலும்பு

போன் அலறியது.

தெரியாத நம்பர்!

"ஹலோ...?"

"உன் எலும்பு என்கிட்ட இருக்கு!"

வாயில் கர்ச்சீப்பை அடைத்துக்கொண்டு பேசுகிற குரல்.

"எந்த... எந்த எலும்பு?"

"மாசக்கணக்கா உக்காந்து குடைஞ்சியே, வலது பக்கக் காதெலும்பு... அதுதான்! மத்தியானம் எக்ஸாம்ல அது மேஜைக்கு வரக்கூடாது. பதிலா ஒரு தொடை எலும்பை வை. போலீஸ் கீலீஸ்னு போனே... உள்ளே இருக்கிற மூணு குட்டி எலும்பும் பொடிப் பொடியாயிடும்!"

டொக்!

அவள் அலமாரிக்கு ஓடினாள். திறந்தாள். எலும்பு வைத்திருந்த பெட்டி இல்லை!

ஆளைக் கடத்துவார்கள், காரைக் கடத்துவார்கள். எலும்பைக் கடத்தி மிரட்டுகிறவனை மனித உடற்கூறியலில் மேல்படிப்பு படிக்கிற அந்த டாக்டர் இப்போதுதான் கேள்விப்படுகிறாள். பிணம் கெடாமலிருக்க ஊற்றும் ஃபார்மலின் நெடியடித்த அந்தப் பெரிய ஹாலில், வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருந்த ஆறு பேரும் தங்களுக்கு எதுவும் தெரியாது என்பது போலக் கிடந்தார்கள்.

உள்ளங்கையில் அடங்கும் எலும்பு அது. பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற டிரில்லால் மயிரிழை மயிரிழையாகக் குடைந்து, உள்காதின் நத்தைச் சுருளை வெளியே கொண்டு வந்திருந்தாள். சொந்தக் கையால் அறுத்துத் தயாரித்தது மேஜையில் இல்லையென்றால் பரீட்சையே இல்லை. அடுத்தது ஆறு மாதம் கழித்துத்தான்!

வேறு ஊரில் அப்பாவோடு இருக்கும் மூன்று வயது மகள் நேற்று வீடியோ காலில் கேட்டாள். "அம்மா, நீ எப்ப போனுக்குள்ளேருந்து வெளியே வருவே?"

அழுகை வந்தது. அதைத் தள்ளிக்கொண்டு கோபம் வந்தது.

"என்னக்கா, காலங்காத்தால பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

உள்ளே வந்தவன் கூடப் படிக்கிறவன். ஆறடி உயரம், அரையடி அகலம். காலேஜே அவனை 'ஒட்டடைக்குச்சி' என்றுதான் கூப்பிடும்.

அவள் பாய்ந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்தாள்.

"டேய்! என் காதெலும்பு எந்தப் பக்கம்? சொல்லு!"

"இதென்னக்கா கேள்வி... இடது!"

காலரை விட்டாள்.

"அப்போ நீ இல்லை."

"எது நான் இல்லை?"

சொன்னாள். அவன் வாயைப் பிளந்தான்.

"யாராச்சும் வெளியாள் வேலையா இருக்குமோ?"

"வெளியாளுக்கு அது காதா, கணுக்காலான்னே தெரியாதுடா. இவன் எந்தப் பக்கம்னும் சொல்றான்! நம்ம துறை ஆள்தான். ஆனா தப்பா சொல்றான். இடதைப் போய் வலதுங்கிறான்."

"நம்ம துறைல அப்படி யாருக்கா இருக்கா...?"

கேட்டவன் பாதியில் நிறுத்தினான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

போன வாரம் அந்த எலும்பைத் தூர இருந்து எட்டிப் பார்த்து, 'அருமையான வலது பக்கம்மா!' என்று பாராட்டிய ஆள் ஒருவர் உண்டு. மரியாதைக்காக இருவரும் வாயைத் திறக்கவில்லை.

அந்த ஆள்... துறைத்தலைவர்!

கதவைத் தட்டாமல் நுழைந்தார்கள். துறைத்தலைவர் டிராயரைப் படாரென்று மூடினார்.

"டிராயர்ல என்ன சார்?" என்றாள்.

"பி... பிஸ்கட்!"

"ஒண்ணு குடுங்க சார்," என்றான் ஒட்டடைக்குச்சி. "நான் இன்னும் டிபன் சாப்பிடலை."

துறைத்தலைவருக்கு வேர்த்துக் கொட்டியது.

"சார்," என்றாள் அவள். குரல் உடைந்தது. "இன்னும் ஆறு மாசம் போனா என் பொண்ணு என்னை ஆன்ட்டின்னு கூப்பிடுவா சார்..."

டிராயர் மெல்லத் திறந்தது. பெட்டி வெளியே வந்தது.

"மன்னிச்சுடும்மா. என் வீட்டுக்காரி போன்லேருந்துதான் பேசினேன். தொடை எலும்பை வெச்சு எப்படியாவது சமாளிச்சுடலாம்னு நெனச்சுட்டேன். இன்னிக்கு வர்ற எக்ஸாமினர் யார் தெரியுமா? என் வாத்தியார்! முப்பது வருஷம் முன்னாடி இதே மாதிரி ஒரு காதெலும்பைக் குடுத்து, எந்தப் பக்கம்னார். சொன்னேன். தப்புன்னு ஃபெயில் போட்டுட்டார். அதுலேருந்து இந்த எலும்பைக் கையால தொட்டதில்லை. உங்க முன்னாடி மறுபடியும் கேட்டுட்டா... என் மானம் கப்பலேறிடுமே!"

"கேட்டா இடதுன்னு சொல்லுங்க சார்."

"வலதும்மா!"

"இடது சார். உள்காது நரம்பு போற இந்த ஓட்டை பின்பக்கம் பார்க்கணும். முன்பக்கமா திருப்பிப் பிடிச்சீங்கன்னா பக்கமே மாறிடும்."

அவர் எலும்பை வாங்கினார். திருப்பினார். மறுபடி திருப்பினார். முகம் என்னவோ போலாகிவிட்டது. எலும்பைப் பெட்டியில் வைத்து அவளிடம் நீட்டினார்.

மத்தியானம்.

எக்ஸாமினர் வந்தார். பழுத்த பழம். ஆனால் பார்வை மட்டும் ஊசி! மேஜையிலிருந்த எலும்பை எடுத்து, லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"அடேயப்பா... என்ன கைம்மா உனக்கு! வலது பக்கம். சரிதானே?"

சரி என்றால் பாஸ். வீடு. மகள்!

"இல்லை சார்... இடது."

"என்னது? முப்பது வருஷம் முன்னாடி ஒரு தடியனும் இதேதான் சொன்னான். இடதாம் இடது! ஃபெயில் போட்டு அனுப்பினேன். உனக்கும் அதே..."

"சார்!"

துறைத்தலைவர் எழுந்து நின்றார்.

"அந்தத் தடியன் நான்தான் சார். அன்னிக்கு நான் சொன்னது சரி! நீங்க சொன்னீங்களேன்னு முப்பது வருஷமா தப்பையே சொல்லிட்டிருக்கேன். ஓட்டை பின்னாடி பார்க்கணும் சார். இப்படிப் பிடிங்க!"

எக்ஸாமினர் எலும்பைத் திருப்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை திருப்பினார். பிறகு எலும்பை அலுங்காமல் மேஜையில் வைத்தார்.

"நீ பாஸும்மா," என்றார். துறைத்தலைவர் பக்கம் திரும்பினார். "நீயும்தான்டா."

அவளுக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. துறைத்தலைவருக்கு அதைவிட அதிகமாகக் கொட்டியது.

எக்ஸாமினர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ம்... அடுத்த ஆள் யாரு?"

ஒட்டடைக்குச்சி ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு குஷியாக முன்னால் வந்தான்.

"நான்தான் சார்! நல்லவேளை, நான் கொண்டாந்திருக்கிறது முதுகெலும்பு. இதுல இடதும் கிடையாது, வலதும் கிடையாது. அதனால நீங்க ரெண்டு பேரும் தைரியமா கேக்கலாம்!"