நிழலருமைக் கோட்பாடு

ஐம்பத்தொரு டிகிரி வெயிலில் பூங்கோதை கம்பளிச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பேருந்துக்காக நின்றாள். பக்கத்தில் நின்றவர் குரங்குக் குல்லாய் போட்டிருந்தார். தார் உருகிச் செருப்பைப் பிடித்து இழுத்தது. மின்கம்பியில் உட்கார்ந்திருந்த காகம் ஒன்று பொத்தென்று விழ, குல்லாய்க்காரர் அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, "இன்னைக்குக் குளிர் கொஞ்சம் கூடத்தான்" என்றார். அவர் நெற்றியிலிருந்து வியர்வை ஓடிக்கொண்டிருந்தது.

"ஆமாங்க. நானும் மார்கழியிலேர்ந்து தைக்கு மாத்திரலாமான்னு பாக்கறேன்" என்றாள் பூங்கோதை, தன் வியர்வையைத் துடைத்தபடி.

அந்தக் காலத்தில் யாருக்கும் வெயில் சுடவில்லை. காதுகுத்தும் நாளில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, காதுக்குப் பின்னால் அரிசி அளவில் ஒரு சில்லைப் பதித்துவிடுவார்கள். அதற்கு இதமி என்று பெயர். தோலிலிருந்து மூளைக்குப் போகும் சூட்டுச் செய்தியை அது வழிமறித்து, நமக்குப் பிடித்த மாதத்தின் இதத்தை அனுப்பிவைக்கும். உடம்பு வெந்துபோகாமல் இருக்கக் காலையும் மாலையும் ஒரு குளிர்மாத்திரை. உடம்புக்கு மாத்திரை, மனசுக்கு இதமி. மின்விசிறியும் ஏசியும் பூமியிலிருந்து மறைந்து ஒரு தலைமுறை ஆகியிருந்தது. பூமியைக் குளிரவைக்கத்தான் மனிதன் முதலில் கிளம்பினான்; கணக்குப் போட்டுப் பார்த்தான்; மூளையைக் குளிரவைப்பது மலிவு என்று தெரிந்ததும் திரும்பிவிட்டான்.

ஆனால் நெல்லுக்குக் காது கிடையாது. மாட்டுக்குக் காது உண்டு, தாய்மாமன்தான் கிடையாது. கதிர் கருகியது, மடி வற்றியது. சண்டை அங்கேதான் தொடங்கியது.

கடல் ஏறி வந்த பிறகு நாடுகளை உயரத்தை வைத்துப் பிரித்திருந்தார்கள். கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டருக்கு மேலே இருப்பது மேட்டுநிலக் கூட்டரசு. கீழே இருப்பது கடலோரக் கூட்டரசு. இரண்டு பேரும் பேசுவது தமிழ்தான். ஒருவரையொருவர் திட்டிக்கொள்ள மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். நல்லுறவு இருந்த நாளில் இரண்டும் சேர்ந்து விண்வெளியில் ஒரு வான்குடையை விரித்தன. ஊர் ஊராக நகர்த்தி நிழல் கொடுக்கலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு நாட்டுக்குத்தான் அதன் நிழல் போதும். குடையைத் திருப்பும் விசை மேட்டுநிலத்தில் இருந்தது. குடையைக் கிழிக்கும் ஏவுகணை கடலோரத்தில் இருந்தது. மேட்டுநிலம் மூன்று கோடையாக விசையைத் திருப்பவில்லை. எனக்கு இல்லாத குடை உனக்கும் வேண்டாம் என்று கடலோரம் ஏவுகணையைத் துடைத்து வைத்துவிட்டது. அன்று மாலைக்குள் உடன்பாடு வராவிட்டால் ஏவுவது என்று முடிவாகியிருந்தது. ஏவினால் மேட்டுநிலம் சும்மா இருக்காது. இரண்டு பக்கமும் கோடிக்கணக்கான உயிர்.

அந்தக் கடைசி நாள் பேச்சுவார்த்தைக்குத்தான் பூங்கோதை போய்க்கொண்டிருந்தாள். எல்லைப் பல்கலைக்கழகத்தில் பருவநிலையும் பன்னாட்டுப் பாதுகாப்பும் என்று ஒரு துறை உண்டு. அதன் தலைவரும் அவள்தான், ஊழியரும் அவள்தான். இருபது வருட ஆராய்ச்சியில் அவள் கண்டது ஒன்றே ஒன்று. போர் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர் எவருக்கும் வெயில் உறைப்பதில்லை. அதனால்தான் பேச்சு இழுத்துக்கொண்டே போய்ப் போரில் முடிகிறது. நிழலின் அருமை வெயிலில்தானே தெரியும். அதையே நிழலருமைக் கோட்பாடு என்று பெயர் சூட்டி எழுதினாள். சக பேராசிரியர்கள் அவளை 'வெயிலம்மா' என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள். எந்த அரசும் அவளைக் கூப்பிடவில்லை. இப்போது கூப்பிட்டிருக்கிறார்கள் என்றால், வேறு ஆள் பாக்கி இல்லை என்று பொருள்.

மண்டபம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே நாற்பத்தாறு டிகிரி. ஒரு பக்கம் மேட்டுநில அமைச்சர் நாச்சிமுத்துவும் அவருடைய ஆட்களும் சட்டைமேல் கம்பளிக் கோட்டு மாட்டி உட்கார்ந்திருந்தார்கள். எதிரே கடலோர அமைச்சர் சுல்தான் மரைக்காயர் கதகதப்பாகச் சுக்குக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். உடன்பாட்டில் 'குடை' என்று எழுதுவதா 'கூரை' என்று எழுதுவதா என்பதில் அவர்கள் ஒன்பது நாளாக நின்றிருந்தார்கள். யாருக்கும் அவசரம் இருப்பதாகத் தெரியவில்லை. மார்கழியில் யாருக்கு என்ன அவசரம்?

பூங்கோதை எழுந்தாள். "ஒரே ஒரு வேண்டுகோள். கையெழுத்து ஆகிற வரைக்கும் எல்லாரும் இதமியை அணைச்சிரணும்."

மரைக்காயர் மெல்லச் சிரித்தார். "என்னம்மா சொல்றிய? காது குத்துன நாள்லேர்ந்து நாங்க அதை அணைச்சதே இல்லையே."

"உங்க வயல்ல நிக்கிற பயிரும் மாடும் இதமி இல்லாமத்தான் நிக்குது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்னு சொல்லுவாங்க. இருபது வருஷமா நான் எழுதினதும் அதுதான்."

"எங்க பக்கம் பிரச்சினை இல்ல" என்றார் மரைக்காயர், எதிர்ப்பக்கம் கண்ணைக் காட்டி. "குளிர்ந்த ஊர்க்காரவங்க. அவங்க தாங்க மாட்டாங்களேன்னுதான் பாக்கறேன்."

நாச்சிமுத்து நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்தார். "அதென்னங்க அப்படிச் சொல்லிப்போட்டீங்க? எங்க ஊர்ல பாறை வெடிக்குதுங்க. மொதல்ல நாங்க அணைக்கறோம்."

இருபது வருட ஆராய்ச்சி சாதிக்காததை ஒரு வீம்பு சாதித்துவிட்டது. நாற்பது விரல்கள் நாற்பது காதுகளுக்குப் பின்னால் போயின. மூன்று எண்ணும்வரை அழுத்திப் பிடித்தால் இதமி அணைந்துவிடும். பூங்கோதையும் விரலை வைத்தாள். ஒன்று எண்ணுவதற்குள் மரைக்காயர், "மாத்திரை போட்டிருக்கோம்ல, உயிருக்கு ஒண்ணும் ஆகாதே டாக்டரம்மா?" என்று கேட்டார். "ஒண்ணும் ஆகாது" என்று கையை ஆட்டிப் பதில் சொல்லிவிட்டு அவள் தாள்களை எடுத்தாள்.

வெயில் உறைத்தது.

முதலில் நாச்சிமுத்துவின் கம்பளிக் கோட்டு பறந்தது. மேட்டுநிலத் தளபதி ஒருவர் பதக்கங்களோடு சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். கடலோரக்காரர்கள் வரைபடத்தை எடுத்து விசிறினார்கள். வரைபடம் போதாமல் பழைய தீர்மானங்களை எடுத்து விசிறினார்கள். அந்தத் தீர்மானங்களால் காற்று வந்தது அதுதான் முதல் தடவை. யாரோ, "இதுலயா மாடும் பயிரும்..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார்.

"முதல் பிரிவு" என்று படித்தாள் பூங்கோதை. "சித்திரை, வைகாசி குடை மேட்டுநிலத்துக்கு. ஆனி, ஆடி கடலோரத்துக்கு."

"சரி" என்றார்கள் இரண்டு பக்கமும்.

"குடைன்னு எழுதலாமா, கூரைன்னு..."

"என்ன எழவையோ எழுதுங்க" என்றார் மரைக்காயர், ஒன்பது நாள் 'கூரை'க்காக வாதாடியவர்.

பூங்கோதையின் உள்ளம் துள்ளியது. அவளுக்கு ஏனோ அவ்வளவாகச் சுடவே இல்லை. வெயிலைப் பற்றியே இருபது வருடம் யோசித்தவளுக்கு வெயில் சொந்தமாகிவிட்டது போலும் என்று எண்ணிக்கொண்டாள். கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. மனம் தெளிவாக இருந்ததால் துணிச்சலும் வந்தது. அலமாரியில் தூங்கிய கனவையெல்லாம் பிரிவு பிரிவாக எடுத்து வைத்தாள். ஏவுகணைகளை உருக்கி இரண்டாவது வான்குடை. சரி. மிச்சமிருக்கும் நிலக்கரி உலைகள் இந்த வருடமே மூடல். சரி. திருப்பும் விசைக்கு இரண்டு சாவி, ஆளுக்கொன்று. சரி, சரி. ஒவ்வொரு பிரிவையும் நிதானமாகப் படித்து, ஓட்டை எங்கே என்று பார்த்து, அடைத்து, அடுத்ததற்குப் போனாள். உலகத்தில் அதற்குமுன் அப்படி ஓர் உடன்பாடு எழுதப்பட்டதில்லை. பின்னாளில் அதைப் படித்த சட்ட அறிஞர்கள் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றச் சொல்லவில்லை.

மதியத்துக்குள் கையெழுத்து ஆகிவிட்டது. நாற்பது விரல்களும் மறுபடி காதுக்குப் பின்னால் பாய்ந்தன; தாள்களை அடுக்கிக்கொண்டிருந்த பூங்கோதைக்கு அது நினைவே வரவில்லை. மண்டபத்தில் ஒரே நேரத்தில் நாற்பது பெருமூச்சுகள் கேட்டன.

அது ஆனி மாதம்; அன்று பிற்பகலே வான்குடை மெல்லத் திரும்பியது. கடலோரத்து வயல்களில் நிழல் வந்து விழுந்ததைத் திரைகளில் காட்டினார்கள். மாடுகள் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தன. நாய்கள் தெருவுக்கு வந்தன. மனிதர்களுக்கு வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. மாடுகளைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டார்கள். பிறகு வேட்டு போட்டார்கள், தெருவில் ஆடினார்கள், எல்லைக்கோட்டில் இரு நாட்டுச் சிப்பாய்களும் ஒரே அண்டாவில் பிரியாணி தின்றார்கள். பூங்கோதை அழுதாள். அவளுடைய வாழ்க்கை வீண்போகவில்லை. கோடி உயிர் பிழைத்தது, கோட்பாடும் ஜெயித்தது.

விருந்தில் நாச்சிமுத்து ஒரு தம்ளர் மோரோடு அவள் அருகில் வந்து உட்கார்ந்தார். "ஏனுங்க டாக்டரம்மா, உள்ளதைச் சொல்லிப்போடறேன். எதுல கையெழுத்துப் போட்டேன்னே எனக்குத் தெரியலீங்க. எப்படா முடியும், எப்படா அழுத்தலாம்னு அதுலயேதான் இருந்தனுங்க. மரைக்காயரும் அதையேதான் சொல்றாருங்க."

பூங்கோதையின் முகம் சற்று வாடியது. "அடுத்தவங்க கஷ்டம் புரிஞ்சுதான் போட்டீங்கன்னு நெனச்சேன்."

"அதுவும் கொஞ்சம் இருந்துச்சுங்க. இல்லைன்னு சொல்லலை." மோரைக் குடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு. நாங்க எல்லாரும் விசிறிட்டுக் கெடந்தோம். நீங்க மட்டும் ஒருக்காகூட விசிறலீங்களே."

பூங்கோதை காதுக்குப் பின்னால் தொட்டுப் பார்த்தாள். இதமி ஓடிக்கொண்டிருந்தது. மரைக்காயருக்குப் பதில் சொல்லக் கையை எடுத்தவள் மூன்று எண்ணவே இல்லை; காலையிலிருந்தே அது ஓடிக்கொண்டிருந்தது. உடன்பாடு செல்லாது என்று இவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். குடை மறுபடி திரும்பிவிடும்.

"பயப்படாதீங்க. நான் வாயைத் தொறக்க மாட்டேன்" என்றார் நாச்சிமுத்து. "நெனச்சுப் பாருங்க, நீங்களும் அணைச்சிருந்தா எங்களாட்டம் சரி சரின்னுதானுங்க தலையாட்டியிருப்பீங்க. இத்தனை நல்ல பிரிவெல்லாம் யாரு பாத்துப் பாத்து எழுதியிருப்பா? ஒருத்தராவது இதமா இருந்தாத்தானுங்க காரியம் ஆகும்."

பூங்கோதை அதை யோசித்துப் பார்த்தாள். யோசிக்க யோசிக்க அது மிகவும் சரியாகப் பட்டது. இவ்வளவு சுலபமாக மனசாட்சி சமாதானமாகும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. அடுத்த மாதம் உலகமே கொண்டாடிய அவளுடைய கட்டுரையில் கடைசியாக ஒரு பரிந்துரை சேர்ந்தது. 'பேச்சுவார்த்தையில் எல்லோரும் இதமியை அணைக்க வேண்டும். தெளிவான சிந்தனைக்காக ஆய்வாளருக்கு மட்டும் விலக்கு அளிக்கலாம்.' எல்லா நாடுகளும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டன. அவ்வளவு வேகமாக எந்தப் பரிந்துரையும் ஏற்கப்பட்டதில்லை.

மறு வருடம் நிலத்தடி நீரைப் பங்கிட ஏழு கூட்டரசுகள் அதே மண்டபத்தில் கூடின. பூங்கோதைதான் தலைமை. அவள் நுழைந்தபோது வாசலில் பூ தூவினார்கள். வாயிற்காவல் எந்திரன் ஒவ்வொருவரையும் நிறுத்தி, "இதமியை அணைத்துவிட்டீர்களா?" என்று மரியாதையாகக் கேட்டது.

"நான் ஆய்வாளர்" என்றார் மரைக்காயர். "போன மாசம்தான் பதிவு பண்ணிக்கிட்டேன் டாக்டரம்மா, உங்க கோட்பாட்டுலதான்."

"நானும் அதே பாடந்தானுங்க" என்றார் பின்னால் வந்த நாச்சிமுத்து.

அவருக்குப் பின்னால் வந்த தளபதியும் ஆய்வாளர். ஏழு நாட்டுப் பிரதிநிதிகளும் ஆய்வாளர்கள். உலகத்தில் வெயிலைப் பற்றி இத்தனை பேர் ஆராய்ச்சி செய்த காலம் வேறு இல்லை. எல்லோரும் இதமாக உட்கார்ந்தபின் எந்திரன், விதிப்படி ஒருவராவது அணைக்காமல் கூட்டத்தைத் தொடங்க இயலாது என்று அறிவித்தது.

மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. எல்லோரும் பூங்கோதையைப் பார்த்தார்கள். பூங்கோதை சுற்றுமுற்றும் பார்த்தாள். தட்டில் சுக்குக் காப்பி ஏந்தி வரிசை வரிசையாகக் கொடுத்துக்கொண்டிருந்தார் ஒருவர். மண்டபத்தில் ஆய்வாளர் அல்லாதவர் அவர் ஒருவர்தான்.

"அண்ணே, உங்க பேரு?"

"ஆரோக்கியம், அம்மா."

"எங்க எல்லார் சார்பிலயும் நீங்க கொஞ்சம் அணைச்சுக்கறீங்களா?"

ஆரோக்கியம் தட்டை ஓர் ஓரமாக வைத்தார். "ஆகட்டும்மா. எவ்வளவு நேரத்துக்கு?"

"பேச்சுவார்த்தை முடியிற வரைக்கும்" என்றாள் பூங்கோதை.

அவர் காதுக்குப் பின்னால் விரலை வைத்து அழுத்தினார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பிறகு உட்கார்ந்து, 'நீர்' என்று எழுதுவதா 'தண்ணீர்' என்று எழுதுவதா என்பதை எடுத்துக்கொண்டார்கள்.