கடுவன் குரல்

காடு கூப்பிடுகிறது, அந்தக் குரலைக் கேட்கும் செவி உள்ளவனே மனிதன். எழுபத்தொன்பதாம் வருடம் இந்த மகாவாக்கியத்தை நோட்டீஸ் அடித்துத் திருவனந்தபுரம் முழுக்க விநியோகித்த வன சம்ரட்சண சபைத் தலைவர் ராமசுப்ரமணியன், தம் வாழ்நாளில் பார்த்திருந்த அடர்ந்த காடு, மிருகசாலையில் கரடிக் கூண்டுக்குப் பின்னால் இருக்கும் மூங்கில் புதர். ஆகவே வியாழக்கிழமை சாயங்காலம், வலியசாலை அக்ரகாரத்தில் தம் வீட்டு மச்சறையில் தனியாக நின்று, கைகளை வாயருகே குவித்துக் குரங்கு மாதிரி அவர் கூவியபோது, ஓட்டுக்கு மேலிருந்து வந்த பதில் குரலை எதிரொலி என்றே நினைத்தார். ஆனால் எதிரொலி அவர் குரலைவிட நன்றாக இருந்தது. அதுதான் உறுத்தியது.

அவர் கூவ வேண்டி வந்ததற்குக் காரணம் பூதலிங்கம். நாகர்கோவில் பக்கத்துக்காரர், இங்கே பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியார், சபையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவர். அணை கட்டுவதற்காக வெட்டப்போகிற வடக்கு மலைக்காட்டுக்கு லீவு போட்டுப் போய், சிங்கவால் குரங்குகளோடு வாரக்கணக்கில் கிடந்துவிட்டு வந்திருந்தார். கிழக்கேகோட்டை வாசகசாலையில் நடந்த போன கூட்டத்தில், பூமாதேவியின் பச்சைப் பட்டுப்புடவையைப் பற்றி ராமசுப்ரமணியன் முக்கால் மணி நேரம் உருகி முடித்ததும் சபை கொட்டாவியை விழுங்கிக்கொண்டு கைதட்டியது. அடுத்து எழுந்த பூதலிங்கம் ஒன்றும் பேசாமல் கையைக் குவித்துக் கூவினார். அடிவயிற்றில் தொடங்கி உச்சந்தலையில் முடிகிற குரல். வெளியே பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஜன்னலில் வந்து எட்டிப் பார்த்தார்கள். முன்வரிசையில் ஒரு ரிட்டயர்டு ஜட்ஜின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“மூத்த கடுவன், ஆண் கொரங்கு, விளிக்கதாக்கும் இது, கேட்டியளா,” என்றார் பூதலிங்கம். “செதறிக் கெடக்க கூட்டத்த, எங்கிட்ட வாங்க, இங்க பயமில்லன்னு கூப்பிடுது. எம்புட்டுத் தூரத்துல கெடந்தாலும் வந்து சேரும்.”

இந்த விளக்கம் ராமசுப்ரமணியன் காதில் விழவில்லை. கைதட்டல் விழுந்தது.

வரும் ஞாயிற்றுக்கிழமை டில்லியிலிருந்து நிபுணர் குழு வருகிறது. பூதலிங்கமோ மறுபடி மலைக்குப் போய்விட்டார். சபைக் காரியதரிசி ஞானசிகாமணி விஷயத்தைப் பக்குவமாகச் சொன்னார். “சாமி, அந்தக் கொரலக் கேட்டாத்தான் டில்லிக்காரனுக்கு மனசு எளகும். வாத்தியாரு திரும்பி வந்ததும் அவரையே தலைவராக்கிருவோம்னு மெம்பர்மாரு பேசிக்கிடுதாங்க. தப்பா நெனைக்காண்டாம்.”

தலைவர் பதவியால் அவருக்குக் கிடைத்தது மேடையில் ஒரு கைவைத்த நாற்காலி மட்டும்தான். ஆனால் அதில் பூதலிங்கம் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பார்த்தபோது ராமசுப்ரமணியனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு குரங்குச் சத்தம். அதைக் கற்றுக்கொண்டால் போயிற்று.

வெள்ளிக்கிழமை பதில் கொல்லைப்புறத்துப் பலாமரத்திலிருந்து வந்தது. இவர் குரல் பாதியில் பிசிறடித்து இருமலாக முடிந்த இடத்தில், அது தயங்காமல் ஏறி, வளைந்து, நின்றது. அவருக்கு வயிறு எரிந்தது. பூதலிங்கம் மலைக்கே போகவில்லை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பலாக்கிளையில் உட்கார்ந்து தன்னைப் பரிகாசம் செய்கிறான் என்று முடிவு கட்டினார். டார்ச் அடித்துப் பார்த்தார். இலைகள் அசைந்தன, காற்று இல்லை.

“இன்னிக்கு நன்னா வந்துடுத்தே,” என்றாள் மனைவி பகவதி, சனிக்கிழமை காப்பியைக் கொண்டுவந்து வைத்தபடி. “பக்கத்தாத்து மாமிகூடக் கேட்டுட்டு, உங்காத்துக்காரருக்குக் கொரங்கு படிஞ்சுடுத்துன்னு சிரிச்சா.”

“எப்போ?”

“விடியறச்சே. கூவினேளே.”

“நான் தூங்கிண்டிருந்தேன்.”

“அப்போ யாராக்கும்?” என்றவள், மூக்கைச் சுளித்தாள். “என்ன இது, ஆத்துல எல்லாம் ஒரு நாத்தம். முடி கருகினாப்பல.”

அவருக்கும் அந்த நாற்றம் அடித்துக்கொண்டுதான் இருந்தது. நனைந்த ரோமமும் எரிந்த பச்சை இலையும் கலந்த நாற்றம். துண்டில், தலையணையில், தயிர்சாதத்தில்.

மத்தியானம் சண்டைக்கு ஆயத்தமாக வாசகசாலைக்குப் போனார். “உம்ம வாத்தியார் எங்கே ஒளிஞ்சிண்டிருக்கார்?” என்றார் ஞானசிகாமணியிடம்.

“ஒளியவா? மலையிலயாக்கும் சாமி. இப்பம்தான் ட்ரங்க் கால் வந்துது.” ஞானசிகாமணியின் முகம் வெளிறியிருந்தது. “புதன்கெழம ராத்திரி காண்ட்ராக்டர் ஆளுவ மரத்த வெட்டித் தீ வெச்சுட்டானுவ. கொரங்கு கூட்டமா கரிஞ்சு கெடந்துதாம். சார் குழி வெட்ட ஆளக் கூட்டிட்டுத் திரும்பிப் போயிருக்காரு. அங்க ஒண்ணையும் காணலியாம்.”

“உயிரோட இருந்ததுகள் ஓடியிருக்கும்.”

“செத்ததுகளையும் காணல சாமி. அதத்தான் சொல்லுதேன்.”

இனிக் காட்டுவதற்குப் பூதலிங்கத்திடம் ஒரு குரங்குகூட இல்லை என்பதில், நிஜத்தைச் சொன்னால், ராமசுப்ரமணியனுக்கு ஒரு நிமிஷம் வயிறு குளிர்ந்தது. பழவங்காடியைத் தாண்டும்போதுதான் குளிர் முதுகுக்கு ஏறியது. பூதலிங்கம் மலையில் இருக்கிறான். அப்படியானால் பலாமரத்தில் இருந்தது?

வீட்டுக்கு வந்தபோது அந்தி. மழை பிடித்துக்கொண்டு, கரண்டும் போயிருந்தது. மனைவி கோவிலுக்குப் போயிருந்தாள். ஓட்டிலிருந்து வழிகிற தண்ணீர் முற்றத்து அண்டாவில் ஒரே தாளத்தில் விழுந்துகொண்டிருக்க, கூடத்து இருட்டில் அந்த நாற்றம் ஆளுயரத்துக்கு நின்றுகொண்டிருக்க, அவர் அரிக்கன் விளக்கை ஏற்றி மச்சுப்படியின் அடியில் வைத்துவிட்டு, இன்று கூவுவதில்லை, நாளையும் கூவுவதில்லை, நாற்காலி எக்கேடாவது கெடட்டும் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

மேலிருந்து குரல் வந்தது.

மெதுவாக. கேள்வி கேட்பது போல. அத்தனை சுத்தமாக.

அந்தச் சுத்தத்தை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இன்னொருத்தன் நன்றாகச் செய்ததைக் கேட்டுவிட்டுச் சும்மா இருந்த பழக்கம் அவருக்கு இல்லை. கைகளைக் குவித்தார். கூவினார். பிசிறில்லை. இருமல் இல்லை. அடிவயிற்றிலிருந்து ஏறி, வளைந்து, நின்றது. பூதலிங்கம்கூட இப்படிக் கூவியதில்லை.

மழைச் சத்தம் நின்றது. மழை நிற்கவில்லை.

தெருக்கோடி வீட்டு ஓட்டில் ஏதோ மிதிபட்டது. அடுத்த ஓட்டில். அதற்கடுத்ததில். வேகமாக இல்லை. பலவாக. தம் வீட்டு ஓடுகள் ஒவ்வொன்றாக நெரிவதைக் கேட்டுக்கொண்டே அவர் விளக்கோடு படியேறினார். ஏன் ஏறினார் என்றால், என் குரலுக்கு வந்திருக்கின்றன என்ற ஒரு பெருமைதான் அவரை ஏற்றியது.

விளக்கைத் தூக்கினார்.

உத்திரத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கறுத்த முகங்கள், சுற்றிலும் நரைத்த பிடரி. சிலவற்றுக்குப் பிடரி இல்லை. எரிந்திருந்தது. சிலவற்றுக்குக் கண்ணும் இல்லை. அவையும் அவரைத்தான் பார்த்தன. அக்ரகாரத்து வீடுகளின் இடைச்சுவர்கள் ஓட்டுக்கூரையைத் தொடாமல் நின்றுவிடுகிறவை. அந்த இடைவெளிக்கு அப்பால் அடுத்த வீட்டு உத்திரம். அதிலும் வரிசை. அதற்கு அடுத்த வீட்டிலும். வெளிச்சம் எட்டிய வரை.

ஒன்றும் அசையவில்லை. மூச்சு இல்லை. ஈரம் மட்டும் சொட்டியது.

காத்திருந்தன.

பிறகு வரிசை மெல்ல நகர்ந்து நடுவில் ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டது. கீழே, அவர் கணுக்காலில், ஒரு சின்னக் கை. விரல்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிப்போன கை. பிடித்தது. விடவில்லை.

அவர் வாயைத் திறந்தார். குலதெய்வத்தின் பெயர் மறந்துவிட்டது.

“பூதலிங்கம் சாரே,” என்று கத்தினார். “பூதலிங்கம் சாரே.”

அதுவரை அவரைச் சார் போட்டுக் கூப்பிட்டதில்லை.